லேப் அக்காவின் பி.எட். கணக்கு

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அமிலத்துக்குள் காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருக்க, லேப் அக்கா மேசை மேசையாகப் போய் பியூரெட் என்ற நீண்ட அளவுக் குழாயின் தலையில் இருக்கும் புனலை எடுத்து ஓரமாக வைக்கிறார். ஊற்றி முடித்ததும் புனலை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அதில் தங்கிய துளி நேரம் பார்த்து உள்ளே விழுந்து அளவைக் கெடுத்துவிடும். ஆண்டுதோறும் எல்லோரும் மறப்பது இதைத்தான். ஏன் எடுக்கிறீர்கள் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், "டீச்சரைக் கேளு கண்ணு. எனக்குக் கைக்குத்தான் சம்பளம், வாய்க்கு இல்ல" என்பார்.

வயது முப்பத்தெட்டு. வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், பிறகு ஒரு பெண் குழந்தை, பிறகு இந்தத் தனியார் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. வலது கைச் சுட்டுவிரலில் சில்வர் நைட்ரேட்டின் கறுப்புக் கறை ஒன்று போவதும் வருவதுமாக இருக்கிறது. இரண்டு கிராம் சோடாவை நிறுக்கச் சொன்னால் கண்ணாலேயே எடுத்துவிடுவார். அப்படி எடுத்ததையும் தராசில் வைத்துப் பார்க்காமல் விடமாட்டார்.

வேலைக்குப் போகிறவர்கள் பலர் வேலையை வாசலோடு விட்டுவிட்டு வருவார்கள். அக்காவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பால்கடைக்காரர் அளவு ஜாடியை நிரப்பினால், முழங்காலை மடக்கி, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்க்கிறார். கடைக்காரர் இப்போதெல்லாம் இவர் வருவது தெரிந்ததும் ஒரு கரண்டி கூடவே ஊற்றிவிடுகிறார். அதற்கும் அக்கா விடுவதில்லை, "அதிகமா இருந்தாலும் தப்புதாங்க" என்று திருப்பி ஊற்றச் சொல்கிறார். மகளுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு முறை வெப்பமானி வைப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் மாத்திரை. "ஒரே அளவு ரெண்டு தடவ வரணும். அதுவரைக்கும் அது அளவு இல்ல, வதந்தி."

இந்தக் கறார் பேர்வழிதான் நான்கு ஆண்டுகளாக ஒரு கணக்கை முடிக்க முடியாமல் திண்டாடினார். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் பி.எட். படிக்கலாமா, படித்தால் கட்டுப்படியாகுமா என்பதுதான் கணக்கு.

அது தொடங்கியது கழுவுதொட்டி அருகே. ஒரு மாணவி குடுவையைக் கழுவக் கொண்டுவந்தவள், "அக்கா, இவ்வளவு நேரம் ஊத்தியும் ஒண்ணும் ஆகல. ஒரே ஒரு சொட்டுல எப்படி ரோஸ் ஆகுது? டீச்சர், அது அப்படித்தான் ஆகும், எழுதிக்கோன்னுட்டாங்க" என்றாள். அக்கா வாய்க்குச் சம்பளம் இல்லாததை மறந்துபோனார்.

"உள்ள இருக்கற அமிலம் வர்ற சொட்டையெல்லாம் முழுங்கிக்கிட்டே இருக்கும். அது தீந்ததுக்கு அப்புறம் வர்ற மொதல் சொட்டுக்கு உள்ள வேலையே இல்ல. வேலையில்லாத சொட்டு சும்மா இருக்குமா? அதான் நிறத்துல கைவெக்குது."

இதற்குள் ஆறு பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஆறு முகங்களும் ஒரே நேரத்தில் தெளிந்தன. அதை அக்கா பார்த்துவிட்டார். பார்த்ததுதான் வினை.

மறுநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டுக் கேட்டார். "உங்க வேலை எது, டீச்சர் வேலை எதுன்னு தெரியணும் இல்லையா? நீங்க பி.எட். முடிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க மேடம்."

அன்று பிற்பகல் நாற்பது குடுவைகளை அக்கா இரண்டு முறை கழுவினார். அவமானமாக இருந்தது. அவமானத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. ஒரு வகுப்புக்கு முன்னால் நின்று, யார் அனுமதியும் கேட்காமல், அந்தக் கடைசிச் சொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்ற ஆசை.

ஆனால் ஆசைக்காகக் கணக்கைத் திருத்துகிற ஆள் அவர் இல்லை. முதல் வருடம் விசாரித்தபோது, புதிதாகச் சேரும் ஆசிரியருக்குப் பன்னிரண்டாயிரம் கிடைக்கும் என்றார் ஒருவர், இருபத்திரண்டாயிரம் என்றார் இன்னொருவர். அடுத்த வருடம் விசாரித்தவர்கள் இதில் எதிலும் சேராமல் வேறு தொகை சொன்னார்கள். அரசு வேலை கிடைத்தால் லட்டு மாதிரி என்று எல்லோரும் சொன்னார்கள், எப்போது கிடைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. "வரும்னு நம்பி எழுதினா அது ரீடிங் இல்ல" என்று அக்கா அதைச் சேர்க்கவே இல்லை. விண்ணப்பம் கொடுக்கும் கடைசித் தேதி ஒவ்வொரு ஆண்டும் வந்தது, போனது.

இந்த ஆண்டு புதிய வேதியியல் ஆசிரியை வந்தார். இருபத்து நான்கு வயது, நல்ல பெண். "அக்கா, நான் உங்ககிட்டதான் கத்துக்கறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் ரகம். ஒரு நாள் இடைவேளையில் குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்குப் பதினஞ்சுதான். வருஷத்துக்கு ஆயிரம் ஏத்துவாங்களாம். பி.எட். படிச்ச கடன் இன்னும் மூணு வருஷம் இருக்கு" என்றார். அக்காவின் சம்பளம் பதினாறாயிரத்து ஐந்நூறு, வருடத்துக்கு ஐந்நூறு ஏறும். அதைச் சொல்லி அந்தப் பெண்ணின் மனதை நோகடிப்பானேன் என்று குழாயைத் திறந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து அவருடைய கணவர் இரண்டாவது அளவைக் கொண்டுவந்தார். அவர் இருசக்கர வண்டி மெக்கானிக். பஞ்சர் ஒட்ட வந்த வேறொரு பள்ளியின் மேலாளரிடம் நயமாகப் பேச்சுக் கொடுத்துக் கறந்திருந்தார். "பதினஞ்சு, வருஷத்துக்கு ஆயிரம். அச்சு அசல் அதே."

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா நோட்டை எடுத்து உட்கார்ந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் செல்போனில் கூட்டிச் சரிபார்த்தாள். கல்லூரிக் கட்டணம் தொண்ணூறாயிரம். தேர்வு, சீருடை, நோட்டு, பஸ் எல்லாம் முப்பத்து நான்காயிரம். இரண்டு வருடம் வராமல் போகும் சம்பளம் நான்கு லட்சத்து இரண்டாயிரம். நாற்பது வயதில் ஆசிரியையாகச் சேர்ந்தால் முதல் ஐந்து வருடம் இப்போதைய வேலையில் கிடைக்கக்கூடியதைவிடக் குறைவாக வரும், பிறகுதான் மெல்ல ஏறும். ஐம்பத்தெட்டில் ஓய்வு பெறும் நாளில் கணக்கைப் பார்த்தால், ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் நஷ்டம்.

கணவர் நோட்டை எட்டிப் பார்த்தார். "அப்ப வேணாம்னு ஆயிடுச்சா?"

"யாரு சொன்னா?" என்றார் அக்கா. "லேப்புல ஒரு பழைய தராசு இருக்குங்க. எதை வெச்சாலும் ரெண்டு கிராம் கூடக் காட்டும். வேற யாரும் அதைத் தொடமாட்டாங்க. நான் அதுலதான் நிறுப்பேன். எவ்வளவு தப்புன்னு தெரியும், கழிச்சுக்குவேன். இத்தனை நாளா இந்தப் படிப்பு எவ்வளவு கையைக் கடிக்கும்னு தெரியாமதான் பயந்துட்டு இருந்தேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு."

"பதினெட்டு வருஷத்துக்குப் பிரிச்சா மாசத்துக்கு அறுநூத்தி எண்பத்தஞ்சு வருதும்மா" என்றாள் மகள், வகுத்துப் பார்த்து.

"எனக்கு டீ செலவே அதைவிட ஜாஸ்தி" என்றார் கணவர். பிறகு சிரிப்பு அடங்கி, "நாப்பது வயசுல வேலை குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"அதுக்கு ரீடிங் எடுக்க முடியாதுங்க."

பட்டறைக்குப் புது கம்ப்ரஸர் வாங்க ஒரு லட்சத்து இருபதாயிரம் சேர்த்து வைத்திருந்தார்கள். அதைப் பற்றி அக்கா பேச்செடுக்கவில்லை. கணவர்தான் எடுத்தார். "பழசு ஓடிட்டுதான் இருக்கு. சத்தம்தான் போடுது. போட்டுட்டுப் போகட்டும்." அக்கா நோட்டை மூடிவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்ததை இருவரும் பார்த்தார்கள்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் வியாழக்கிழமை. அக்கா அரைநாள் விடுப்பு போட்டார். வேலையை விட்டால் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்று தலைமை ஆசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார். பள்ளி அன்று சீக்கிரம் விட்டதால் மகளும் கூட வந்தாள். "நீ காலேஜ் போறப்ப நானும் நீயும் ஒரே பஸ்தான்" என்று வழியெல்லாம் தொணதொணத்தாள்.

கல்லூரி அலுவலகத்தில் வரிசை நீளம். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் இருபது, இருபத்தொரு வயதுப் பெண்கள். அவர்களோடு அவரவர் அம்மாக்கள். முறை வந்ததும் அக்கா சான்றிதழ்களைக் கம்பிக்குக் கீழே தள்ளினார். எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமல் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, ரசீது போட்டு, விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கத்தில் திறந்து வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. இதுல மாணவி என் எதிர்ல கையெழுத்துப் போடணும். பொண்ணை முன்னால வரச் சொல்லுங்க."

பின்னால் நின்றவர்கள் வழிவிட்டு, மகளின் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினார்கள். அக்கா மகளை ஒரு கையால் மெல்ல விலக்கிவிட்டு, எழுத்தரின் விரல்களுக்கு இடையில் இருந்த பேனாவை உருவி, குனிந்து கையெழுத்துப் போட்டார்.