கம்சாயினிக்கு வந்த இரண்டு காய்ச்சல்

பெரியகல்லாற்றில் கம்சாயினி ரீச்சரைத் தெரியாத வீடு குறைவு. பாலர் பாடசாலையில் பதினொரு வருடமாகப் படிப்பிக்கிறாள். கலியாணம் முடித்து ஆறு வருடம் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஏழாம் வருடம் தங்கியபோது, வாவியில் இறால் பிடிக்கும் அவள் கணவன் ரதீஸ் ஆரிடமும் சொல்லாமல் தொட்டிலுக்கென்று கூரை வளையில் கொக்கி அடித்து வைத்தான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்த கையோடு ஊரில் மறுபடி கொரோனா பரவியது. முதலில் ரதீஸுக்கு. பிறகு ஏழு மாத வயிற்றோடு இருந்த அவளுக்கும் காய்ச்சல் அடித்தது. சோதித்தபோது கொரோனா என்று வந்தது.

"இப்ப வாற கொரோனா அஞ்சு நாள்ல போயிரும்" என்றார்கள் எல்லோரும். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

மூன்றாம் நாள், ஊரில் கர்ப்பிணிகளைக் கவனிக்கும் மருத்துவமாது வதனி தொலைபேசியில் கேட்டாள். "காய்ச்சல் இன்னும் இறங்கல்லியா? மழை பெய்ஞ்சு ஊரெல்லாம் நுளம்பு. டெங்கும் இரிக்கலாம் புள்ள. இண்டைக்கே போய் இரத்தம் சோதிங்க."

"அதுதான் கொரோனா எண்டு தெரிஞ்சிட்டே மிஸ். ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன மறிச்சு வச்சிருவாங்க. இவர உள்ள விடமாட்டாங்க."

"ஒரு வருத்தம் வந்தா மத்தது வராதெண்டு இல்ல. வயித்துப்புள்ளயோட விளையாட ஏலாது."

"நாளைக்குப் போறன் மிஸ்."

மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. கஞ்சி குடித்தாள், தலை சீவினாள். ரதீஸுக்கு நிம்மதி. மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குடித்த கஞ்சியையெல்லாம் சத்தியெடுத்தாள். கையும் காலும் சில்லிட்டுப் போயின. அவன் ஓட்டோவைக் கூட்டிவந்து அவளை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

"ரெண்டும் இரிக்கு" என்றார் வைத்தியர், இரத்த முடிவைப் பார்த்து. "டெங்கில காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்தே." இரத்த அழுத்தம் விழாமலிருக்க சேலைன் ஏற்ற வேண்டும், அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் கொரோனா பிடித்த நெஞ்சுக்கு ஆகாது. ஒவ்வொரு மணித்தியாலமும் அளந்து அளந்துதான் கொடுத்தார்கள்.

ரதீஸை வாசலோடு மறித்துவிட்டார்கள். தொலைபேசியில் மட்டும் பேசினான். எடுத்தவுடன் அவன் கேட்பது ஒன்றுதான்.

"அசையுதா புள்ள?"

"ஓம், அசையுது."

இரண்டாம் நாள் விடிய, தாதி பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். பிறகு வைத்தியரைக் கூப்பிட்டாள். அவர் ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டபோதே கம்சாயினிக்கு விளங்கிவிட்டது.

இறந்த பிள்ளையை உடனே எடுக்க ஏலாது என்றார்கள். இரத்தத் தட்டுக்கள் குறைந்து கிடந்தன. இப்போது பிரசவம் என்றால் இரத்தம் நிற்காது, தாயும் தப்பமாட்டாள். தட்டுக்கள் கூடும் வரை அப்படியே சுமக்க வேண்டும்.

அன்று பின்னேரம் ரதீஸ் தொலைபேசி எடுத்தான். "அசையுதா?"

"ஓம்" என்றாள். அவனும் காய்ச்சல் விட்டும் தேறாமல் தனிய வீட்டில் கிடக்கிறானே என்று நினைத்தாள். அடுத்த நாளும் அதைத்தான் சொன்னாள். அதற்கடுத்த நாள் அவன் கேட்டபோது அழத் தொடங்கினாள்.

"புள்ள... கம்சா... என்னண்டு சொல்லு."

அவள் அழுத சத்தத்தில் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஐந்தாம் நாள் பிரசவமானது. பெண்பிள்ளை. தலை நிறைய முடி. தாதி துணியில் சுற்றிக் கொடுத்தாள். கம்சாயினி விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பெயர் வைக்கவில்லை. ரதீஸும் அவன் தமையனும் கொண்டுபோய் அடக்கினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்குப் பால் கட்டியது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பீய்ச்சி விட்டாள்.

வைகாசியில் மீண்டும் பாலர் பாடசாலைக்குப் போனாள். பிள்ளைகளின் நிறை பார்க்க வதனி வந்திருந்தாள். வேலை முடிந்த பிறகும் போகாமல் நின்றாள்.

"அண்டைக்கு நானே வந்து உன்னக் கூட்டிப் போயிரிக்கணும் புள்ள. ஃபோன்ல சொன்னதோட விட்டிட்டன்."

"நீங்க சொன்னீங்கதானே மிஸ். நான்தான் போகல்ல."

"உடம்பு தேறிட்டு. இன்னொண்டு பெறலாமெண்டு டொக்டர் சொன்னவர்தானே?"

"சொன்னவர்." சிதறிக் கிடந்த விளையாட்டுக் கட்டைகளைப் பெட்டியில் போட்டாள். "வீட்டில அவரும் ஒண்டும் கேக்கிறல்ல. எனக்குப் பயமாக் கிடக்கு மிஸ்."

வதனி கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இருவரும் பிள்ளைகள் போன வெறும் வகுப்பறையில் வெகுநேரம் இருந்தார்கள்.