என் காலில் கறுத்துப்போன திருகாணி

அம்பாளின் பிள்ளைகளாக இங்கே கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் கருப்பையா. அன்னவாசலுக்குப் பக்கத்தில் கடலை போட்டுப் பிழைக்கிற குடியானவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

1943, ஆவணி மாதம். கிணற்றில் சேறு எடுக்கக் கயிற்றைப் பிடித்து இறங்கினேன். மேலே பூவரச மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு நின்றவன் என் தம்பி முத்தையா. பாதிக் கிணற்றில் கயிறு அறுந்தது. கீழே பாறை. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

என்னைத் தூக்கி மேலே கொண்டுவந்தபோது அறுந்த கயிற்றின் நுனியைப் பார்த்தேன். கத்தி பட்டதுபோல் இருந்தது. அப்போது எனக்கும் தம்பிக்கும் நிலத்தைப் பிரிப்பதில் பேச்சு முற்றியிருந்தது. நான் போனால் கிணற்றடி நிலம் யாருக்கு? இந்தக் கேள்வி அன்றைக்கு என் மனசுக்குள் நுழைந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மூங்கில் பத்தை வைத்து நாட்டுக்கட்டு கட்டினார்கள். இரண்டு மாதம் ஆகியும் எலும்பு கூடவில்லை. கார்த்திகையில் வண்டி கட்டி, டவுனை ஒட்டித் திருக்கோகர்ணத்தில் இருந்த ஒரு தனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மனைவி செல்லாயி கைக்குழந்தையோடு ஊரில் இருந்தாள். முத்தையாதான் என்னோடு தங்கினான்.

டாக்டர் வயதானவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஸ்டீல் தகடு வச்சு ஆறு ஸ்க்ரூ முடுக்கணுங்க. அப்பத்தான் எலும்பு நேராக் கூடும்."

மனுஷன் உடம்புக்குள் இரும்பா? துருப்பிடிக்காதா? எனக்கு அவர்மீதும் சந்தேகம் வந்தது. தம்பி சரியென்று தலையாட்டியதும் அது இரண்டு மடங்கானது.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று, ஆனால் நினைவு இருந்தது. நடுவில் வெள்ளைத் துணி கட்டியிருந்ததால் எதையும் பார்க்க முடியவில்லை. காது கேட்டது. தச்சுப்பட்டறைச் சத்தம். கொஞ்ச நேரத்தில் கம்பவுண்டரின் குரல்.

"ஐயா, ஒரு ஸ்க்ரூ மரை தேஞ்சு கெடக்கு. பிடிக்கலை."

டாக்டர் சொன்னார்: "சண்டைக் காலத்துல புதுசுக்கு எங்கிட்டுப் போறது? அந்தப் பழைய டப்பாவுல அளவு சரியா ஒண்ணு இருக்கும். நல்லா வேகவச்சுக் கொண்டாங்க."

பழைய இரும்பை என் காலில் வைக்கிறார்கள். தம்பி சொல்லித்தான் செய்கிறார்களோ? கேட்டால் மறைப்பார்கள், எனக்குத் தெரியும் என்பதே அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிய வாயால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

புண் ஆறவில்லை. மேல்தோல் கூடும், பத்து நாளில் ஒரே இடத்தில் வெடிக்கும். கறுப்புத் தண்ணீர் வடியும். டாக்டர் கிருமி என்றார். மாத்திரை கொடுத்தார். அதைக் கன்னத்தில் அடக்கிவைத்து, அவர் போனதும் துப்பிப் பாய்க்கு அடியில் ஒளித்தேன். முத்தையா ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொட்டகையில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவான். அவன் அங்கிட்டுத் திரும்பியதும் முதல் கையை ஜன்னலில் காக்கைக்கு வைப்பேன். காக்கை தின்றுவிட்டுப் பறந்து போகிறதா என்று பார்த்த பிறகுதான் குடிப்பேன். நான்கு மாதம் இப்படி. உடம்பு உருகியது. ஊரில் எல்லோரும் எனக்காகச் சாமி கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. அம்பாளும் எனக்கு எதுவும் செய்யமாட்டாள் என்றே நினைத்தேன்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் என் கட்டிலுக்கு அருகில் வந்து நின்றார்.

"எலும்புக்குள்ள சீழ் எறங்குதுன்னு பயப்படுறேன். திங்கக்கிழமை அன்னிக்குக் காலை வெட்டி எடுத்துடலாம். உசுரு முக்கியங்க."

அவர் போனபின் சுவரைப் பார்த்துப் படுத்தேன். எனக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. ஒற்றைக் காலோடு எந்தக் குடியானவன் ஏர் பிடிப்பான்? உச்சிவேளை. பக்கத்து அம்பாள் கோயிலிலிருந்து மணிச்சத்தம் வந்தது. நான்கு மாதமாகக் கேட்கிற மணிதான். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

"தாயே, காலைக் கொடுன்னு கேக்கலை. நம்புறதுக்கு ஒரே ஒரு ஆளைக் காட்டு. இந்தச் சந்தேகத்தோட என்னால சாகவும் முடியலை."

இவ்வளவுதான் என் வேண்டுதல்.

மணி ஓய்ந்தது. முத்தையா கஞ்சியோடு உள்ளே வந்தான். கிண்ணத்தை என்னிடம் தரவில்லை. தரையில் உட்கார்ந்து, முதல் வாயைத் தானே குடித்தான்.

"என்னடா பண்றே?"

"இன்னிக்கு காக்காய்க்கு வைக்க வேணாம்ணே. நானே குடிச்சுக் காட்டுறேன். கொஞ்ச நேரம் இங்கிட்டே உக்காந்திருக்கேன். பாத்துட்டு அப்பறம் குடிங்க."

நான்கு மாதமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வேளை தவறாமல் காய்ச்சிக் கொண்டுவந்திருக்கிறான்.

என் வாய் திறந்துகொண்டது. கயிறு, நிலம், டப்பாவில் கிடந்த பழைய திருகாணி, பாய்க்கு அடியில் மாத்திரை, எல்லாவற்றையும் கொட்டினேன். கயிற்றைப் பற்றிச் சொன்னபோது அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"முடிச்சுக்கிட்ட கயிறு நைஞ்சு போயிருந்துச்சுண்ணே. நாந்தான் பாத்திருக்கணும்."

அதற்குச் சாட்சி கிடையாது. நான் நம்பினேன். அவன் எழுந்து நேரே டாக்டரிடம் ஓடினான்.

டாக்டர் உடனே வந்தார். முகம் வெளிறியிருந்தது. "அன்னிக்கு ஒங்க காதுல விழுந்தது நெசந்தான். எங்கிட்ட ஏன் கேக்கலை?"

"ஒங்களை நம்பலைங்க."

அவர் கோபப்படவில்லை. "நானா சொல்லியிருக்கணும். மறந்தே போயிட்டேன். அஞ்சு ஸ்க்ரூவும் தகடும் ஒரே உலோகம், ஆறாவது வேற. நம்ம ரத்தத்துல உப்பு இருக்கு. அந்த ஈரத்துல ரெண்டு உலோகம் தொட்டுக்கிட்டுக் கெடந்தா ஒண்ணை ஒண்ணு அரிக்கும்னு இப்பத்தான் சீமை டாக்டருங்க சொல்றாங்க. ஒடம்பு அதை ஏத்துக்காம வெளியே தள்ளப் பாக்குதோ என்னவோ. ஒரு தடவை தொறந்து பாக்குறேன். காலை எடுக்கறதை அப்பறம் யோசிப்போம்."

மறுநாள் காலை மறுபடியும் முதுகில் ஊசி. இந்த முறை அவர் செய்வதை ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். வெளியே எடுத்ததைத் தட்டில் வைத்துக் காட்டினார். ஐந்து திருகாணி பளபளவென்று இருந்தன. ஒன்று மட்டும் கறுத்து, செல்லரித்த குச்சிபோல் இருந்தது. அதைச் சுற்றியிருந்த சதையும் கறுத்திருந்தது, அதைச் சுரண்டி எடுத்தார். அடியில் எலும்பு கூடியிருந்தது. நான் யாரையும் நம்பாத அந்த நான்கு மாதமும் எலும்பு தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது!

திருகாணி இருந்த ஓட்டைகளிலிருந்து ரத்தம் பொங்கியது. டாக்டர் துணியை வைத்து அமுக்கிப் பிடித்தார். எவ்வளவு நேரமோ தெரியாது. மெல்ல எடுத்துப் பார்த்தார்.

"ரத்தம் கட்டிக்கிச்சு. இதுக்கு மேல ஆத்துறது நான் இல்லைங்க. ஒங்க ஒடம்பு."

உடம்பைப் படைத்தவள் யார் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து கொடுத்த மாத்திரையை விழுங்கினேன். புண் அடியிலிருந்து சிவப்பாகச் சதை வைத்தது. கறுப்புத் தண்ணீர் நின்றது. சித்திரைக் கடைசியில் பொருக்கு உதிர்ந்து, உள்ளே இளந்தோல் தெரிந்தது. இன்னும் இரண்டு மாதம் மாவுக்கட்டு. ஆடியில் முத்தையாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்பாள் சந்நிதி வரை நடந்தேன்.

இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறேன், ஆனால் ஏர் பிடிக்கிறேன். நிலம் பிரிக்கவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. பழைய புத்தி அவ்வப்போது தலைதூக்கும், பொய் சொல்லமாட்டேன். தூக்கும்போது அந்த ஆளிடமே நேரே போய்க் கேட்டுவிடுகிறேன்.

உங்களில் யாராவது இப்படி ஒரு சந்தேகத்தை உள்ளே வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கலாம். அம்பாளிடம் கேளுங்கள். அவள் பதில் சொல்லுவாள். ஆனால் நீங்கள் நினைத்த ஆளை அனுப்பமாட்டாள். யார் வந்தாலும் கதவைத் திறங்கள்.