எதிரே வருவது யார்

வரப்பில் எதிரே ஆள் வருவதுதான் அந்த வருஷங்களில் எனக்கு இருந்த பெரிய பயம். பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, இடிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு மனிதர்களைக் கண்டால் பயம். கண்டால் என்று சொல்வதும் தப்பு. வருகிறவர் யார் என்பது அவர் கிட்டே வந்து வாயைத் திறக்கிறவரை எனக்குத் தெரியாது.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வரப்புகள் ஒரு ஆள் நடக்கத்தான் காணும். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்கியாக வேண்டும். என் அப்பா காலத்தில் அதில் குழப்பமே கிடையாது. மிராசுதார் வருவது தெரிந்ததும் பண்ணையாள் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி நிற்பான். அவர் தாண்டிப்போய் நல்ல தூரம் ஆனபிறகுதான் ஏறுவான். கூலிச் சண்டை வந்தது, தெருவில் செங்கொடி ஏறியது, எங்களைப் போலீஸ் லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே வந்தபிறகு எங்கள் தெரு கூடி ஒரு முடிவு எடுத்தது. இனி இறங்குவதில்லை. இரண்டு பேரும் ஒருக்களித்துப் போகலாம், அவர் வேட்டியும் என் வேட்டியும் உரசினால் உரசட்டும். அப்படி முதலில் நின்றவர்களில் நான் ஒருவன். மிராசுதார் ஒருக்களித்துத்தான் போனார். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று என் மகளைக் கேளுங்கள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள்தான். “இதையும் எழுதணுமாப்பா?” என்கிறாள். எழுது.

ஐம்பதைத் தாண்டியபிறகு என் கண் ஓரத்திலிருந்து போக ஆரம்பித்தது. எங்கள் படிப்பகத்தில் காலையில் பேப்பரை உரக்கப் படிப்பது என் வேலை. கட்சிக்காரர்கள் வைத்த கீற்றுக்கொட்டகை அது, நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதும் அங்கேதான். வர வர, வரியின் கடைசி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. கண்ணாடி மாற்றணும் என்று சொல்லிப் பேப்பரை வேறு ஆள் கையில் கொடுத்தேன். டீக்கடையில் கிளாசை நீட்டினால் என் கை அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும். நேரே பார்த்தால் மட்டும் கொஞ்சம் தெரியும், அதுவும் அடுப்புப் புகைக்குள் பார்ப்பதுபோல.

யாரிடமும் சொல்லவில்லை. உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தை அரசாங்கம் எடுத்து எங்கள் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. வாங்கினவன் தானே பயிர் வைக்க வேண்டும். ‘இவனுங்க எங்க பயிர் வைக்கிறானுங்க’ என்று மனுப் போட ஆட்கள் காத்திருந்தார்கள். குருடனுக்கு எதற்கு நிலம் என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? இதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் வேறு. ‘எனக்குக் கண் தெரியவில்லை’ என்ற வார்த்தையை வாய்க்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. சொல்லிவிட்டால் அது உறுதியாகிவிடும் என்று பயந்தேன்.

ஒரு நாள் வரப்பில் எதிரே காலடி கேட்டது. யாரென்று தெரியவில்லை. மோதிவிடுவேன், மோதினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பதறி, சட்டென்று வயலில் இறங்கி நின்றேன். வந்தவர் எங்கள் தெருக்காரர். “என்ன அண்ணே, எனக்குப் போயி எறங்குறீங்க?” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அதிலிருந்து யார் வந்தாலும் இறங்குவது பழக்கமாகிவிட்டது. ஆட்டுக்குக்கூட இறங்கியிருக்கிறேன்.

நடவு நடந்துகொண்டிருந்த சமயம். அன்றைக்கும் அப்படித்தான் இறங்கினேன். இறங்கும்போது துண்டு நழுவியது, சேற்றில் விழாமல் பிடித்துக் கக்கத்தில் வைத்தேன். வந்த காலடி என் முன்னால் நின்றது.

“பரவால்லப்பா. நீயாவது பழச மறக்காம இருக்கியே.”

மிராசுதார் குரல். அவர் போனபிறகும் எனக்கு ஏறத் தோன்றவில்லை. பாட்டும் பேச்சுமாக நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் மொத்தமாக வாயை மூடிக்கொண்டார்கள்.

சாயங்காலம் என் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அப்போது அவன்தான் தலைவர். என்னோடு அடிபட்டவன், என்னோடு லாரியில் போனவன்.

“அவரு எறங்கச் சொன்னாரா மாமா?”

“இல்ல.”

“நீங்களா எறங்குனீங்களா?”

“ஆமா.”

“துண்டக் கக்கத்துல வச்சீங்களாம்.”

தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். “என்ன குடுத்தான் ஒங்களுக்கு?” என்று கேட்டான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். விலைபோனவன் என்ற பேரைச் சுமந்தேனே தவிர, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவன் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கவில்லை. பகலெல்லாம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன், மோட்டுவளை தெரியாது என்பது வேறு விஷயம். சோறு தொண்டைக்குள் இறங்காது. குளிக்க அலுப்பு, பேச அலுப்பு. யாராவது வாசலில் இருமினால் உடம்பு தூக்கிப் போடும். எனக்கு என்ன ஆகிறது என்றே விளங்கவில்லை. கண் மட்டும் இருட்டவில்லை, உள்ளேயும் ஏதோ அணைந்துகொண்டு வந்தது. நான் இல்லாவிட்டால் நிலம் மனைவி பேருக்குப் போகும், தெருவுக்கும் ஒரு அவமானம் கழியும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாக வந்ததுதான் பயமாக இருந்தது.

ஒரு உச்சிவேளை, எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். எழுந்து நடந்தேன். எங்கே போகிறேன் என்று நானே என்னைக் கேட்கவில்லை. கால் மதகுப் பக்கம் போகிற வரப்பில் போனது. தண்ணீர் விழுகிற சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது, என்னால் நிற்க முடியவில்லை.

எதிரே காலடி. வழக்கம்போல இறங்கக் காலை எடுத்தேன்.

“எறங்காதீங்க.”

என் மனைவி.

“தள்ளு, போகணும்” என்றேன்.

“நான் எறங்க மாட்டேன். நீங்களும் எறங்கக் கூடாது. இதுல எப்புடிப் போவீங்கன்னு பாக்குறேன்.”

வெயில் மண்டையைப் பிளந்தது. நான் கத்தினேன், கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். அவள் அசையவில்லை. அப்புறம் தணிந்த குரலில் சொன்னாள்: “ஒங்களுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்குத் தெரியும். தட்டத் தடவிப் பாத்துட்டுத்தானே சோத்துல கை வைக்கிறீங்க. ஒரு வருஷமாப் பாக்குறேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா உசுர வச்சிருக்க மாட்டீங்களோன்னு பயந்தேன்.” அவள் குரல் உடைந்தது. “இப்ப சொல்லாமயே இங்க வந்து நிக்கிறீங்க.”

நான் அங்கேயே குந்திவிட்டேன். வாய்விட்டு அழுதேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே பயத்தை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒளித்து வைத்திருந்தோம். திரும்பி வரும்போது அவள் முன்னால் நடந்தாள், நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

தஞ்சாவூரில் ஒரு கண் டாக்டரம்மா பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம், போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடணும் என்றார். பிறகு தூங்குகிறேனா, சாப்பிடுகிறேனா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றெல்லாம் கேட்டார். நான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மனசுக்கும் வைத்தியம் உண்டு என்று இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். எனக்கென்ன பைத்தியமா என்று சண்டை போட்டேன், அப்புறம் மாத்திரையை விழுங்கினேன். தூக்கம் வந்தது. பயம் குறைந்ததே தவிரப் போகவில்லை.

விஷயம் தெரிந்ததும் மச்சினன் வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. அழுவதை விட்டுவிட்டு உருப்படியாக ஏதாவது செய்யடா என்றேன். அவன் ஒன்று செய்தான். மறுநாளிலிருந்து வரப்பில் வரும்போது தூரத்திலேயே “மாமா, நான்தான் வர்றேன்” என்று குரல் கொடுத்தான். அவனைப் பார்த்துத் தெருவே கொடுத்தது. குரல் வந்தால் நான் நிற்பேன், அவர்கள் ஒதுங்கிப் போவார்கள். மனுப் போடுவார்கள் என்று நான் பயந்ததும் நடந்தது. விசாரிக்க வந்த அதிகாரி, மனைவியும் நானும் களை பறிப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்.

அறுப்புக்கு ஒரு மாசம் முன்னால் ஒரு காலை. வயலுக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஏதோ வந்தது. குரல் இல்லை. நான் நின்றேன், அதுவும் நின்றது. “யாரு?” என்றேன். பதில் இல்லை. எங்கள் ஊரில் என்னிடம் குரல் கொடுக்காமல் வரக்கூடியவர் ஒருவர்தான். வலது கால் தன்னால் சேற்றுப் பக்கம் நகர்ந்தது, அதை இழுத்து வரப்பில் வைத்தேன். மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அவருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. கடைசியில் வயலில் சளக்கென்று ஒரு சத்தம். சேற்றில் நடந்து என்னைத் தாண்டிப் போயிற்று.

வீட்டில் சொன்னேன். அது மாடாக இருக்கும் என்றாள் என் மனைவி. இருக்கலாம். நான் இறங்கவில்லை.