ஒரு மேசை அசைத்த வெளியுறவுக் கொள்கை

ஒசுலோ வாழ் உறவுகளே! ஊரில் குண்டு விழுகிறது. நம் முழக்கமோ இந்நாட்டு நாடாளுமன்ற வாசலைத் தாண்டவில்லை.

பேரணி முடிந்து ஹவுகெட்டோ புறநகர் செல்லும் தொடர்வண்டியில் வந்தோம். சிலி நாட்டிலிருந்து முன்னாளில் ஏதிலியாய் வந்த பெண்மணி ஒருவர் நம் தமிழ்ப் பதாகையைப் பார்த்தார்.

"இதை இங்கே யார் படிப்பார்கள்?"

சிலி நாட்டு ஏதிலிகள் இந்நாட்டுக் கட்சிகளின் கிளைகளில் சேர்ந்து, நாடாளுமன்ற உறுப்பினரை வீட்டு விருந்துக்கு அழைத்து, நோர்வேசிய மொழியிலேயே தம் துயரைச் சொன்னார்களாம்.

"என் மேசையில் உண்டவர், சிலியில் சிறையிலிருந்த என் தம்பிக்காக வெளியுறவு அமைச்சரையே கேள்வி கேட்டார். விடுதலையான தம்பி இப்போது இந்நாட்டிலேயே, துரொண்ட்ஹெய்ம் நகரில் பேருந்து ஓட்டுகிறான்."

ஓர் அரசின் கொள்கையை ஒரு சாப்பாட்டு மேசை அசைத்திருக்கிறது!

பதாகையைச் சுருட்டியபடி நண்பர் சிவம் சொன்னார்: "அண்ணை, அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் எங்களுக்குத்தானே கத்தினனாங்கள்?"

நாளை மாலை கட்சிக் கிளைக் கூட்டம். வருவோர் பெயரை இப்போதே கீழே எழுதுங்கள், நோர்வேசிய எழுத்தில்!