பொடிசின் எடை

1. கூடையில் வந்த கேஸ்

ஜவ்வாது மலையில் ஒரு கால்நடை மருந்தகத்தில் பதினோரு வருடம் டாக்டராக இருந்தேன். மாடு, ஆடு, கோழி இந்த மூன்றுக்கும் என்ன வந்தாலும் தைரியமாகக் கை வைப்பேன். பூனை, கல்லூரியில் படித்த ஒரு பேப்பரின் பாதி. அதில் எப்படிப் பாஸ் செய்தேன் என்பது எனக்கே இன்னும் விளங்கவில்லை.

ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது ஒரு காலையில் காசியம்மா மூங்கில் கூடையோடு வந்தார். பக்கத்து ஊரில் பெண்கள் குழு நடத்தும் சாமை மில்லுக்கு அவர்தான் பொறுப்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் சுற்றி வளைப்பதே கிடையாது.

"இன்னாம்மா, கோழிக்குஞ்சா?"

"பூனைக்குட்டிங்க சார். மூணு கீது. தாயை நேத்து ஜீப்பு அடிச்சிட்டுது."

துணியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு வாரக் குட்டிகள். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தின.

"தாய் இருந்த வரைக்கும் குடோன்ல ஒரு எலி தலை காட்டல. நேத்து ஒரு ராத்திரில நாலு மூட்டையைக் கிழிச்சி வெச்சிட்டுது. சாப்புடுற தானியம், பக்கத்துல மருந்து வைக்க முடியுமா சார்? இதுங்க பொழைச்சாதான் எங்க சாமை பொழைக்கும்" என்றார்.

முப்பது குடும்பத்தின் அறுவடை அந்தக் குடோனில் இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய அனுபவசாலி போல, "பசும்பால்ல கொஞ்சம் தண்ணி கலந்து, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை இங்க் பில்லர்ல குடுங்க" என்றேன்.

மறுநாள் மூன்றுக்கும் வயிற்றுப்போக்கு.

அன்று மாலை பழைய புத்தகத்தைத் தூசி தட்டினேன். பூனைக்குட்டிக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. அதன் கீழே பேனாவால் கோடு வேறு போட்டிருந்தது. கோடு போட்டவன் நான்தான். வேலூரில் ஒரு கடைக்குப் போன் செய்து, பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரைப் பஸ்ஸில் வரவழைத்தேன். வயிற்றுப்போக்கு நின்றது. காசியம்மா என்னைத் திட்டவில்லை. "மாட்டு டாக்டர்கிட்ட பூனையத் தூக்கினு வந்தது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

2. டோட்டல் ஏறுகிறது

பால் ஒத்துக்கொண்டால் குட்டி தினமும் பத்து, பதினைந்து கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஏதோ கோளாறு. இதையும் புத்தகத்தில் படித்துவிட்டேன். ஆகவே தினமும் மில்லுக்குப் போய் எடை பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

அங்கே இருந்தது மூட்டை போடும் எலக்ட்ரானிக் தராசு. ஐம்பது கிராமுக்குக் கீழே அதற்குக் கணக்குத் தெரியாது. தனித்தனியாக வைத்தால் குட்டிகள் நகர்ந்து ஓடின, எண்ணும் நிற்கவில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மூன்றையும் கூடையோடு வைத்து, கூடையின் எடையைக் கழித்துவிட்டால் என்ன?

முதல் நாள் எழுநூறு கிராம். அடுத்த நாள் எழுநூறு. அதற்கடுத்த நாள் எழுநூற்று ஐம்பது. ஐந்தாம் நாள் எண்ணூற்று ஐம்பது. நோட்டில் தேதி போட்டு, வளர்ச்சிக் கோடு வரைந்து, கீழே கையெழுத்தும் போட்டேன். யாரும் கேட்கவில்லை. பழக்கம்.

காசியம்மா மட்டும் கூடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இந்தப் பொடிசு சரியா குடிக்கல. மத்த ரெண்டும் முட்டித் தள்ளுது. முதுகுல கை வெச்சா எலும்பு குத்துது."

"டோட்டல் ஏறுதும்மா."

"டோட்டல் ஏறுது சார். இது ஏறுதா?"

"ஒரு ஈத்துல ஒண்ணு சின்னதாத்தான் இருக்கும். கவலைப்படாதீங்க."

மாட்டின் விலா எலும்பைத் தடவிப் பார்த்தே தீனி போதுமா என்று சொல்லக்கூடியவன் நான். மாநாட்டுக்குப் போய் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். அன்று அந்தக் குட்டியின் முதுகில் ஒரு விரல்கூட வைக்கவில்லை. தராசுக்கு முன்னால் நின்று சிவப்பு எண்களை ரசித்துக்கொண்டிருந்தேன்.

3. மேல் அலமாரி

ஆறாம் நாள் காலை ஓ.பி. நேரத்தில் காசியம்மா ஓடி வந்தார். கூடை இல்லை. முந்தானைக்குள் ஒன்றே ஒன்று.

"அசையல சார்."

கையில் வாங்கினேன். ஈரத் துணி போல் கிடந்தது. உடம்பு ஜில்லென்று இருந்தது. வாயைத் திறந்தால் ஈறு வெளுத்திருந்தது.

"பாலு குடுத்துப் பாக்கட்டுமா?"

"வேணாம். சூடு ஏறாம உள்ள ஒண்ணும் போகக் கூடாது. செரிக்காது."

இந்த ஒரு விஷயமாவது எனக்குச் சரியாக ஞாபகம் இருந்தது. காலி குளுக்கோஸ் பாட்டில்களில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, துணியில் சுற்றி, இரண்டு பக்கமும் வைத்தோம். விரலில் குளுக்கோஸ் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே இருந்தேன். வெளியே மூன்று மாடுகளும் ஏழெட்டு ஆடுகளும் வரிசையில் நின்றன. "டாக்டர் இன்னாதான் பண்றாரு?" என்று ஒருவர் கேட்டார். "பூனைக்கு ஒத்தடம் குடுக்கிறாரு" என்றார் இன்னொருவர். சிரிப்புச் சத்தம் கேட்டது.

காசியம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. என் நோட்டில் நான் போட்ட கையெழுத்துதான் கண் முன்னால் நின்றது.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பொடிசு வாயைத் திறந்து, சத்தமே வராமல் கத்தியது. சத்தம் வராவிட்டால் என்ன, எனக்குக் கேட்டது. குப்புறப் படுக்க வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்தோம். விழுங்கியது.

பிறகுதான் அதைத் தனியாக எடை போட வேண்டும் என்று தோன்றியது. எதில் போடுவது என்று அங்குமிங்கும் தேடினேன். மேல் அலமாரியில் பொடி மருந்து நிறுக்கும் சின்னத் தராசு இருந்தது. ஒரு கிராம்வரை சுத்தமாகக் காட்டும். பதினோரு வருடமாக என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

பொடிசு நூற்றுத் தொண்ணூறு கிராம். மதியம் கொண்டுவந்த மற்ற இரண்டும் முன்னூற்று முப்பதைத் தாண்டியிருந்தன. ஐந்து நாளில் அவை இரண்டும் ஏறிய ஏற்றத்தில்தான் என் டோட்டல் ஏறியிருந்தது. பொடிசு ஒரு கிராம் ஏறவில்லை, இறங்கியிருந்தது.

"தப்பு என்னுதும்மா" என்றேன்.

"எலும்பு குத்துதுன்னு சொன்னேன்ல சார்" என்றார் காசியம்மா.

அன்றிலிருந்து மூன்றுக்கும் கழுத்தில் மூன்று கலர் நூல், நோட்டில் மூன்று பத்தி. பொடிசுக்கு முதல் பந்தி, மற்ற இரண்டும் அப்புறம்.

4. ஓய்வு பெற்ற பிறகும் கெடுத்தது

இரண்டு மாதம் முடிந்தபோது பெரிய இரண்டும் குடோனில் பல்லிக்குப் பாய்ந்துகொண்டிருந்தன. பொடிசு ஐந்நூற்று ஐம்பது கிராம்தான். "இது எலிக்கு ஆவாது சார். நீங்களே இட்டுனு போங்க" என்றார் காசியம்மா. ஓய்வு பெற்று, அதையும் தூக்கிக்கொண்டு போளூருக்கு வந்தேன்.

அந்த நூற்றுத் தொண்ணூறு என் மண்டையை விட்டுப் போகவில்லை. வீட்டில் அதன் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கும். காலையில் மீன், மதியம் கோழி ஈரல், சாயங்காலம் தயிர் சாதம், நடுவில் பாக்கெட் தீனி. பொடிசுக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகியிருந்தது; அப்படிப்பட்ட பூனைக்குத் தீனியைக் குறைக்க வேண்டும் என்று அந்தப் பழைய புத்தகத்திலேயே படித்திருந்தேன். படித்ததோடு சரி. "வளர்ற வயசு" என்பேன். என் மனைவி, "ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சிங்க" என்பாள்.

ஒருநாள் ஏதோ ஆபீஸ் வேலையாகக் காசியம்மா போளூர் வந்தவர், சாமையும் புளியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சோபாவைப் பார்த்தார்.

"எங்க சார் பொடிசு?"

"அதோ, உங்க பக்கத்துலதான்."

அவர் குனிந்து விலாவில் கை வைத்தார். அழுத்தித் தடவினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு எலும்பு குத்துச்சி. இன்னைக்கு எலும்பே கெடைக்கல. எங்க வூட்டு ரெண்டும் ராத்திரி பூரா மூட்டை மேல ஓடுது. இதால இந்த சோபால ஏற முடியுமா?"

முடியாது. நான்தான் தூக்கி வைப்பேன். எடை பார்த்தோம். ஆறரைக் கிலோ. நான்கு, நாலரை இருந்தால் போதும்.

அவமானத்தில் எனக்கு வேகம் வந்துவிட்டது. அன்றே பழைய தீனி எல்லாவற்றையும் நிறுத்தினேன். எடை குறைக்கும் தீனி ஒன்றை வாங்கி வைத்தேன். பொடிசு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. "பசிச்சா தன்னால தின்னும்" என்றேன் மனைவியிடம். மாடு அப்படித்தான் தின்னும்.

இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் அதன் காதுக்குள் மஞ்சள் படர்ந்திருந்தது.

வேலூருக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக். அந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"குண்டு பூனை திடீர்னு சாப்பாட்டை நிறுத்தினா உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரல்ல போய் அடைச்சிக்கும். சார், நீங்களும் டாக்டர்னு சொன்னீங்களே?"

"ஆமாம்மா" என்றேன்.

மூக்கில் டியூப் போட்டு, பிறகு வீட்டில் ஊசியில்லாத சிரிஞ்சால், மூன்று வாரம் ஊட்டினோம். இரண்டாவது முறையாக அந்தப் பூனையை நானே சாகக் கொடுக்க இருந்தேன் என்ற நினைப்பில் எனக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் அது தானாகவே கிண்ணத்துக்குப் போய் நக்கியது. என் மனைவி அடுப்படியில் நின்று அழுதாள். நான் தீனி டப்பாவைத் தேடுகிற சாக்கில் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

5. ஐம்பது கிராம்

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை. வாரம் ஐம்பது கிராமுக்கு மேல் குறைந்தால் தீனியைக் கூட்டுவேன். தீனியை அளந்துதான் போடுகிறேன். புதுத் தீனியைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றினேன். நாலரைக் கிலோவுக்கு வரப் பத்து மாதத்துக்கு மேல் ஆனது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஒவ்வொரு குட்டியையும் தனியாக நிறுங்கள். எடை போட்ட பிறகு கையால் தடவிப் பாருங்கள். கை சொல்வதும் தராசு சொல்வதும் வேறாக இருந்தால், வளர்ப்பவரைக் கேளுங்கள். இதை நான் பட்டம் வாங்கி முப்பத்தைந்து வருடம் கழித்துக் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகாது என்று நினைக்கிறேன்.

போன வாரம் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பொடிசு சோபாவில் ஏறியது, அங்கிருந்து ஜன்னல் கட்டைக்கு, அங்கிருந்து ஒரே தாவில் ஷோகேஸ் உச்சிக்கு. அங்கே, என் சேவையைப் பாராட்டி வழியனுப்பு விழாவில் கொடுத்த கண்ணாடிக் கேடயம் இருந்தது. பொடிசு அதை முன்னங்காலால் ஒரு முறை தட்டிப் பார்த்தது. அப்புறம் கீழே தள்ளிவிட்டது.

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். கேடயம் சுக்கு நூறாகக் கிடந்தது. நான் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன்.