நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை

என் கணினித் திரையின் அடிவிளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கிறது. அதில் நீல மையில் நான்கு நேரங்கள்: 10.12, 10.52, 11.32, 12.12. ஓரத்தில், கறுப்பு மையில், வேறு கையெழுத்தில் ஐந்து இலக்க எண் ஒன்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னவென்று கேட்பார்கள். பழைய கதை என்று பேச்சை மாற்றிவிடுவேன். நேரங்களை எழுதியவர் எங்கள் ரீவொர்க் மேசை அக்கா.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை. ஆம்புலன்ஸ் வயர்லெஸ்ஸுக்கான மின்சுற்றுப் போர்டு செய்துகொண்டிருந்தோம். சைரன் இரைச்சலை வடிகட்டி ஓட்டுநரின் குரலை மட்டும் அனுப்புகிற சிக்னல் பிராசஸர் அதில் இருந்தது. அதற்குள் ஓடும் நிரல் நான் எழுதியது. பழுதான பாகத்தைக் கழற்றி வேறு பாகம் வைத்து, ஈயம் உருக்கி ஒட்டி, சால்டர் செய்வது அக்காவின் வேலை. கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி வருவார், கான்டிராக்ட் ஆள். சோதனையில் பதினொரு போர்டுகள் திடீர் திடீரென்று ரீசெட் ஆகி, இரண்டு விநாடி ஊமையாகிவிட்டுத் திரும்பின. நோயாளியை வைத்துக்கொண்டு போகிற வண்டியில் இரண்டு விநாடி என்பது விளையாட்டல்ல. பதினொன்றும் அக்காவின் கை பட்டவை. பழைய மெமரி சிப்பை எடுத்துவிட்டு, புதிய சரக்கிலிருந்து ஒன்று வைத்திருந்தார். வேறென்ன சாட்சி வேண்டும்? சால்டர் விரிசல், அதனால் மின்சாரம் விட்டு விட்டு வருகிறது என்று அறிக்கை தயாரானது. அதில் ஐந்து இடத்தில் அக்காவின் ஊழியர் எண். வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் மேலாளர் கையெழுத்துப் போட்டால் அவர் வேலை போய்விடும். அந்த அறிக்கைக்கு முதலில் தலையாட்டியவன் நான்தான்.

புதன்கிழமை அக்கா என் மேசைக்கு வந்து அந்த டேப்பை ஒட்டினார். ஒரு போர்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது ஊமையான நேரங்களைக் குறித்திருந்தார்.

"தம்பி, நாப்பது நிமிசத்துக்கு ஒரு தடவ, சரியா ஆவுது பாருங்க. சால்டர் கிராக்குக்கு மணி பாக்கத் தெரியுமா லா?"

எனக்குச் சுருக்கென்றது. இவர் எனக்குப் பாடம் எடுக்கிறாரா என்ற திமிர். "பாக்குறேன்க்கா" என்றேன். அவர் போனதும் டேப்பை உரித்து இழுப்பறைக்குள் ஒட்டினேன். பார்க்கவில்லை.

வெள்ளி மதியம் ஸ்டேப்ளர் தேடி இழுப்பறையைத் திறந்தபோது அந்த நேரங்கள் மறுபடி கண்ணில் பட்டன. என் நிரலில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை நடப்பது ஒன்றே ஒன்றுதான்: சேர்ந்த பதிவுகளை மெமரி சிப்பில் எழுதுவது. எழுதுமுன் சிப்பு பழையதை அழிக்க வேண்டும். பிராசஸருக்குள் வாட்ச்டாக் என்று ஒரு காவல் கடிகாரம் உண்டு. ஒவ்வொரு விநாடியும் நிரல் அதனிடம் 'இருக்கிறேன்' என்று சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால், நிரல் எங்கோ மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிடும். பழைய சிப்பு சட்டென்று அழிக்கும். புதியது மெதுவாக அழித்தால் என் நிரல் அதற்காகக் காத்துக் கிடக்கும், 'இருக்கிறேன்' சொல்ல மறந்து.

பதிவு சேரும் அளவைப் பாதியாக்கி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுதும்படி ஒரு போர்டை ஓடவிட்டேன். மணி 2.05. இருபது நிமிடத்தில் ரீசெட் ஆனால் தப்பு என்னுடையது. ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. தண்ணீர்மலை முருகனைக்கூட இதில் இழுத்தேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா தலைகுனிந்து சால்டர் செய்துகொண்டிருந்தார். 2.25க்கு போர்டின் பச்சை விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது.

கூட்டத்துக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிடம். நிரலில் ஒரு வரி சேர்த்து, சத்தமில்லாமல் புதிய பதிப்பு விட்டிருக்கலாம். போர்டு சரியாகிவிடும், நான் தப்பித்துவிடுவேன், அக்கா மட்டும் போயிருப்பார். அந்த நினைப்பு சட்டென்று வந்துபோகவில்லை. கூட்ட அறை வரைக்கும் கூடவே வந்தது. மேலாளர் பேனா மூடியைக் கழற்றிய பிறகுதான் வாய் திறந்தேன். தப்பு சால்டரில் இல்லை, என் நிரலில் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, அறிக்கையைத் திருத்தி எழுதச் சொன்னார். அக்காவின் வேலை தப்பியது.

திங்கட்கிழமை புதிய அறிக்கையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உண்மையைச் சொல்லப்போனால், நன்றி எதிர்பார்த்துப் போனேன். அக்கா வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். காரணத்தைப் பொறியாளர் கண்டுபிடித்தார் என்று என்னைப் பற்றி நான் எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது.

"தப்பு செஞ்சேன்னு எழுதுனப்ப அஞ்சு எடத்துல என் நம்பர் இருந்துச்சு தம்பி. கண்டுபிடிச்சதுக்கு ஒரு எடத்துலகூட இல்லயே."

குரலில் கோபம் இல்லை. தாளை என்னிடம் நீட்டிவிட்டு அடுத்த போர்டை எடுத்துக்கொண்டார். மாத்திடுறேன்க்கா என்றேன்.

அக்கா இப்போது பட்டர்வொர்த்திலேயே வேறு தொழிற்சாலையில் இருக்கிறார். டேப்பை இழுப்பறையிலிருந்து எடுத்து மறுபடி திரையில் ஒட்டியிருக்கிறேன். அதன் ஓரத்தில் கறுப்பு மையில் இருப்பது அவருடைய ஊழியர் எண், எழுதியவன் நான். அறிக்கையில் எழுதவில்லை. மூடிய அறிக்கையைத் திறக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். கேட்டிருந்தால் திறந்திருப்பார்கள். நான் கேட்கவே இல்லை.