பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு சத்து மாத்திரை

திருவொற்றியூரில் எங்கள் காம்பவுண்டுக்கு ஒரே மருந்துப் பெட்டிதான். கொரோனா சமயத்தில் மீந்த மாத்திரைகளைப் போட்டுவைத்த பிஸ்கட் டப்பா. எந்த வீட்டில் இருமல் கேட்கிறதோ, அந்த வீட்டுக்கு அது தானாக வந்துவிடும்.

போன மழைக்காலத்தில் மகள் பள்ளியிலிருந்து சளியைக் கொண்டுவந்து என் மாமனாருக்குக் கொடுத்தாள். அவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு. அதில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று தினமும் மாத்திரை போடுகிறார். கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்பதால், அவர் தட்டில் கீரை எப்போதும் ஒரே அளவுதான். முருங்கைக்கீரை என்றால் அவருக்கு உயிர். என்னிடம் கெஞ்சித்தான் இன்னொரு கரண்டி கேட்பார். நான் தரமாட்டேன்.

டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கத்து டாக்டர், வைரஸ் காய்ச்சல், தானாகவே போய்விடும் என்று சொல்லி, காய்ச்சல் மாத்திரை மட்டும் எழுதினார். கீழ்வீட்டு அக்காவுக்கு அது போதவில்லை.

"இன்னா டாக்டரு, ஒரே மாத்திரையா குட்தாரு? பெரியவரு துவண்டு போய்கீறாரு. சத்து மாத்திரதான, போட்டா இன்னா ஆயிடும்?" என்று டப்பாவை என் கையில் திணித்தார்.

சத்துதானே என்று எனக்கும் தோன்றியது. ஒன்றை எடுத்து வெந்நீரோடு மாமாவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன். மனம் கேட்கவில்லை. நான் எடுத்தது அட்டையிலிருந்து வெட்டிய துண்டு. அதில் எழுத்தே இல்லை. டப்பாவைக் கிளறி அதே மாத்திரையின் முழு அட்டையைத் தேடி எடுத்தேன். பின்புறம் பொடி எழுத்தில் நீளமான பட்டியல். நடுவில் வைட்டமின் கே.

கரண்டிக் கணக்கில் தடுத்ததை நானே ஊட்டிவிட்டேனா? டாக்டருக்குப் போன் செய்துகொண்டே மாமாவிடம் ஓடினேன். ஒன்று போட்டிருந்தால் பயமில்லை, தினமும் போட்டால்தான் ஆபத்து, எதுவானாலும் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்றார். அதற்குள் என் முகத்தைப் பார்த்த மாமா, சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினார்.

"நீ எது குட்தாலும் கொஞ்ச நேரம் கய்ச்சிதாம்மா போடுவேன். நீ திரும்பி ஓடியாருவன்னு தெரியும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் இருமிக்கொண்டே, போடாத மாத்திரைக்குப் பதிலாக ஒரு கரண்டி முருங்கைக்கீரை கிடைக்குமா என்று கேட்டார்.

தரவில்லை.